மலை உச்சியில் ஒரு லட்சம் பேர்

எங்கள் ராஜ்யத்தின் தலைநகரம் மலை உச்சியில் இருந்தது. பெயர் வெள்ளிக்கோட்டை. மக்கள்தொகை ஒரு லட்சம். சுற்றிலும் நாற்பது மைலுக்கு ஒரு குடிசை கிடையாது; காடு, காட்டைத் தாண்டினால் பாலை, பாலையைத் தாண்டினால் ஒரு டிராகன். அந்த ஊரில் வயல் இல்லை, வண்ணார் இல்லை, நாவிதர் இல்லை. வாள் வைத்திருப்பவர்கள் மட்டும் தெருவுக்கு நூறு பேர். ஒரே ஒரு சத்திரம். அதன் மூலையில் எப்போதும் முக்காடு போட்டுக்கொண்டு ஓர் ஆள், கையில் ஒரு பழைய வரைபடத்தோடு. காலம், 1990களின் தொடக்கம். இடம், திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் எங்கள் பலசரக்குக் கடையின் மச்சு. வெள்ளிக்கோட்டைக்கு வடக்கே வற்றல் மிளகாய் மூட்டை, தெற்கே புளி.

‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் போட்டது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் கதைக்குள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ திருடனாகவோ நடப்பார்கள். வெட்டு விழுந்ததா தப்பியதா என்பதைப் பகடை சொல்லும். எங்களுக்கு அது பெரியப்பா மகனின் துபாய்ப் பெட்டியில் வந்தது. 1983இல் வெளியான சிவப்பு அட்டைப் பதிப்பு, யாரோ விளையாடித் தள்ளியது. புத்தகங்கள் இருந்தன, பகடைகள் இல்லை. நாலு முகப் பகடைக்குப் பாட்டியின் பித்தளைத் தாயக்கட்டை போதும். இருபது முகத்துக்குத்தான் வழியில்லை. ஒன்று முதல் இருபது வரை எழுதிய சீட்டுகளைச் சிரட்டையில் போட்டுக் குலுக்கி எடுத்தோம். பாட்டிக்கு ஆட்டம் பிடிக்கவில்லை. “தாயம் விழாம எப்படிடே காய் எறங்கும்? எடுத்த உடனே வெட்டுகதுக்கு இது என்ன எறச்சிக்கடையா?” என்பாள்.

வெள்ளிக்கோட்டையின் முதல் எதிரி டிராகன் அல்ல, என் அப்பா. மூட்டைக் கணக்குப் பார்க்க மச்சுக்கு வந்தவர், தரையில் விரித்துக்கிடந்த அறுகோணக் கட்டத் தாளைப் பார்த்தார். விஷயம் கேட்டார். அண்ணன் சொன்னான்.

“ஒரு லட்சம் பேரா? அரிசி எங்கேருந்துடே வருது?”

“கீழேருந்து வரும், சித்தப்பா.”

“கீழே யாரு இருக்கா? நீதான் காடுன்னு எழுதியிருக்கியே.”

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். பழைய பில்லின் முதுகில் கணக்குப் போட்டார். ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் என்றால் ஒரு லட்சம் பேருக்கு 40 டன். 75 கிலோ மூட்டையில் 530க்கு மேல். லாரி கிடையாதென்று நாங்கள் சொன்னோம். சரி, மாட்டு வண்டி. ஒரு வண்டிக்கு ஒரு டன் என்றால் தினமும் நாற்பது வண்டி. நாற்பது மைல் மலை ஏற மூன்று நாள், இறங்க மூன்று நாள். “அப்போ எந்நேரமும் ரோட்டுல 240 வண்டி நிக்கும். 480 காளை. காளைக்கு வைக்கோலு யாரு குடுப்பா, ஒன் டிராகனா?” பேனாவை மூடிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். ஆந்திரா ஜெயா அரிசி ஒரு நாள் லோடு வராவிட்டால் தெருவே எப்படி மாறும் என்று பார்த்துப் பழகிய மனிதர் அவர். அண்ணன் அசரவில்லை. மறுநாள் ஆட்டத்தில் வெள்ளிக்கோட்டை மக்கள் மந்திரத்தால் வரவழைத்த ரொட்டியைச் சாப்பிட்டார்கள்.

இரண்டாவது எதிரி அரசாங்கம். 1991 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த பள்ளிக்கூட சார், வெயிலுக்குக் கடையில் உட்கார்ந்து நாரங்கா வெள்ளம் குடித்தார். அவரிடம் வெள்ளிக்கோட்டையின் குடிமக்கள் பட்டியலை அண்ணன் பெருமையாகக் காட்டினான். சார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். “குட்டிகளும் அம்மூம்மமாரும் எவிடெ?” என்றார். நியாயமான கேள்வி. அப்போதைய கேரளத்தில் பத்துக்கு மூன்று பேர் பதினைந்து வயதுக்குக் கீழே. எங்கள் ஊரிலோ அத்தனை பேருக்கும் இருபத்தைந்து வயது. பெண்கள் என்று பார்த்தால் ஒரு ராணி, ஒரு சூனியக்காரி, சத்திரத்தில் பரிமாறும் இருவர். ஆக ஒரு லட்சத்தில் நாலு பேர். ஆணைவிடப் பெண் அதிகமுள்ள மாநிலத்தில் உட்கார்ந்து இதை எழுதியிருந்தோம்.

இந்தக் காலித்தனம் எங்கள் மூளையில் உதித்ததல்ல, இறக்குமதிச் சரக்கு. 1974இன் முதல் விதிப்புத்தகம், வெளி உலகப் பயணத்துக்கு வேறொரு கம்பெனியின் பலகையைப் பயன்படுத்தச் சொன்னது. அவலான் ஹில் வெளியிட்ட ‘அவுட்டோர் சர்வைவல்’ என்ற அந்த விளையாட்டு, ஆளில்லாக் காட்டில் வழி தவறியவன் தண்ணீர் தேடிப் பிழைப்பதைப் பற்றியது. அந்தப் பலகையின் மேல் கோட்டையும் ஊரும் வைத்தால் ராஜ்யம் எப்படி இருக்கும்? கைகாக்ஸ் இருந்தது விஸ்கான்சின் மாநிலத்தில் ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்றில். அவருக்கு அது இயல்பாகவே பட்டிருக்கும். டோல்கீனின் மோதிரக் கதையிலும் (1954–55) நாள்கணக்கில் நடந்தாலும் ஊர் வராது. ஆனால் அவர் காரணம் எழுதி வைத்திருந்தார்: போர்கள், அவருடைய மூன்றாம் யுகத்தின் 1636இல் வந்த கொள்ளைநோய். பின்னால் வந்தவர்கள் காலி நிலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கொள்ளைநோயை விட்டுவிட்டார்கள்.

நாங்கள் எப்பேர்ப்பட்ட ஊரில் உட்கார்ந்து இதையெல்லாம் நம்பினோம் என்பதுதான் வேடிக்கை. திருநெல்வேலியிலிருந்து பஸ் ஏறினால் நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி. ஊர் முடியும், பொட்டல் வரும், பனை வரும், அடுத்த ஊரின் கோபுரமோ மாதா கோயிலோ தெரியும். ஊருக்கு ஒரு முகமும் முதுகும் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி நாஞ்சில் நாட்டு வயல்களுக்குள் இறங்கும்வரை இந்தக் கணக்கு சரி. நாகர்கோவில் தாண்டித் தக்கலை, மார்த்தாண்டம் என்று போகப்போக ஊருக்கும் ஊருக்கும் நடுவிலிருக்கும் இடைவெளி காணாமல் போகும். களியக்காவிளைக்குப் பிறகு கேட்கவே வேண்டாம். பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், கரமனை எல்லாம் ஒரே ஊர்தான். தென்னை, மதில், வீடு, பெட்டிக்கடை, மறுபடி தென்னை. எந்த இடத்தில் ஓர் ஊர் முடிந்தது என்று கண்டக்டரைக் கேட்டால் டிக்கெட்டைப் பார்த்துத்தான் சொல்வார்.

புதிதாக வந்த நெருக்கடி என்று இதை நினைக்க வேண்டாம். 14ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையோரமாகக் கொல்லம் வரை வந்த இபின் பதூதா, வழியில் பயிரில்லாத ஓர் அடி நிலத்தையும் காணவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தோட்டம், தோட்டத்தின் நடுவில் வீடு, சுற்றிலும் மர வேலி. வழியெல்லாம் நிழல், அரை மைலுக்கு ஒரு தங்குமிடம், அங்கே தண்ணீர். பல கண்டம் சுற்றியவர், ஆளில்லாத நிலத்தை அதிகம் பார்த்தவர், அதனால்தான் அவர் கண்ணில் இது பட்டது. டிராகன் விளையாட்டுக்காரர்கள் ‘இடைக்காலம் இப்படித்தான் இருந்தது’ என்று சொல்லும் அதே இடைக்காலம்தான் இதுவும். அந்த வழியில் நாற்பது மைல் காட்டை எங்கே போய்த் தேடுவது? முக்காடு போட்ட ஆள் ரகசியம் பேச ஓர் ஒதுக்குப்புறம்கூடக் கிடைத்திருக்காது. வேலிக்கு அந்தப் பக்கம் யாராவது தேங்காய் உரித்துக்கொண்டிருப்பார்கள்.

இனி இந்தக் காலம். துபாய்ப் பெட்டி அண்ணனின் மகள் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறாள். 1990இல் அந்தப் பார்க்கைத் தொடங்கியபோது கழக்கூட்டத்தில் யார் போய் உட்காரப் போகிறார்கள் என்று சாலைக் கடைத்தெருவில் சிரித்தவர்கள் உண்டு. இன்று அவள் ஃபிளாட்டின் ஒன்பதாம் மாடியில் சனிக்கிழமை இரவுகளில் அதே விளையாட்டு நடக்கிறது. பகடைகள் உண்டு, விதவிதமாக, பளிங்குபோல. சிரட்டை தேவைப்படுவதில்லை. கதை சொல்வது அவள்தான். விளையாடுபவர்களில் இருவர் கொச்சி, ஒருத்தி டொராண்டோ, திரையில். அப்பன் கட்டிய வெள்ளிக்கோட்டையைப் பற்றிக் கேட்டால் அவளுக்குச் சிரிப்பு வருகிறது. “சித்தப்பா, எங்க உலகத்துல எல்லாத்துக்கும் கணக்கு உண்டு” என்றாள்.

உண்மைதான். 1990களில் எஸ். ஜான் ராஸ் என்ற அமெரிக்கர், கற்பனை ராஜ்யம் கட்டுபவர்களுக்காக ஒரு சிறு கட்டுரையில் சூத்திரங்கள் போட்டுக் கொடுத்தார். இன்றைக்கும் அதைத்தான் பலரும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். உழுத நிலம் ஒரு சதுர மைல் 180 பேருக்குச் சோறு போடும். கிராமம் என்றால் ஐம்பது முதல் முந்நூறு பேர். நாட்டின் மொத்த ஜனத்தொகைக்கு வர்க்கமூலம் கண்டு, அதைச் சுமார் பதினைந்தால் பெருக்கினால் மிகப்பெரிய நகரத்தின் ஜனத்தொகை. 150 பேருக்கு ஒரு செருப்புத் தைப்பவர், 350 பேருக்கு ஒரு நாவிதர், 2,800 பேருக்கு ஒரு மந்திரக் கடை. கடைகளின் விகிதம் 1292ஆம் ஆண்டுப் பாரிஸ் வரிப் பட்டியலிலிருந்து வந்தது. மந்திரக் கடை மட்டும் அவர் கைச்சரக்கு. என் அப்பா பில்லின் முதுகில் போட்டதைத்தான் இவர் ஒழுங்காக அச்சடித்தார் என்பேன். அப்பாவுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

அண்ணன் மகள் இப்போது கட்டுவது ‘வேணாடு’. உள்ளூர்ச் சரக்கு வேண்டும் என்று கூட்டாளிகள் கேட்டார்களாம். ஏகப்பட்ட பொத்தான்கள் உள்ள ஒரு மென்பொருளில் மலை, ஆறு, கடற்கரை எல்லாவற்றையும் சரியாக வைத்துத் தட்டினாள். இரண்டு நொடியில் கிராமங்கள் முளைத்தன. கரமனையில் 210 பேர். பிறகு காடு. நெய்யாற்றின்கரையில் 140 பேர். பிறகு காடு. கடலோரத்தில் ஒரு துறைமுகம். மற்றபடி கரை முழுக்க வெறும் மணல். பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும் வீட்டுச் சுவரும் வீட்டுச் சுவரும் உரசிக்கொண்டு நிற்கும் கடற்கரையில், மென்பொருள் ஒரு கலங்கரை விளக்கத்தை மட்டும் நட்டிருந்தது. முப்பது வருஷத்தில் காடு அப்படியே இருக்கிறது, அதற்கு இப்போது ஒரு சூத்திரமும் கிடைத்திருக்கிறது.

நான் என் பக்கத்து ஆயுதத்தை எடுத்தேன். திருவிதாங்கூரில் கணக்கு எடுப்பது பழைய பழக்கம். 1816 முதல் 1820 வரை லெப்டினன்ட்கள் வார்டும் கானரும் நாடு முழுவதையும் அளந்தார்கள். அந்தக் காலத்துக்குச் சொல்லப்படும் ஜனத்தொகை 9,06,587. ஏழாயிரம் சதுர மைல் சமஸ்தானத்தில் மைலுக்கு 130 பேர். ஐரோப்பாவிலேயே நெருக்கமாயிருந்த 14ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் நூறுக்குச் சற்று மேல் என்பது ராஸின் கணக்கு. இங்கே மலையையும் காட்டையும் கழித்துவிட்டால் மிச்சமிருக்கும் இடத்தில் நெருக்கம் இன்னும் ஏறும். 1836இல் 12,80,668. 1854இல் அதைவிடக் கொஞ்சம் குறைவு. 1875 மே 18ஆம் தேதி நாகமய்யா பொறுப்பில் எடுத்த கணக்கில் 23,11,379. இருபத்தோரு வருஷத்தில் இப்படி ஏறியது பிள்ளைப்பேறால் அல்ல, எண்ணியவர்கள் திருந்தியதால் என்பது என் துணிபு. பிற்பாடு ‘திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவல்’ எழுதிய அதே நாகமய்யாதான். 1881, 1891 கணக்குகளும் அவர் கையால் ஆனவை. ஒரு நாட்டை மூன்று முறை தலை எண்ணியவருக்குச் சிலை வைக்கலாம். நாம் வாள் ஏந்தியவர்களுக்குத்தான் வைக்கிறோம்.

“1901ஐப் போட்டுப் பார்” என்றேன். சமஸ்தானத்தில் 29,52,157 பேர். வர்க்கமூலம் 1,718. பதினைந்தால் பெருக்கினால் தலைநகரம் ஏறக்குறைய 26,000 இருக்க வேண்டும். அன்றைய திருவனந்தபுரம் 57,882. சூத்திரத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அப்படியிருந்தும் மொத்த ஜனத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்தான் தலைநகரவாசி. மற்ற பட்டணங்களையெல்லாம் சேர்த்தாலும் நூற்றுக்குப் பத்து தேறாது. மிச்சப்பேர் தோட்டம் தோட்டமாகச் சிதறி, ஆனால் ஒட்டிக்கொண்டே இருந்தார்கள். கடைக் கணக்கையும் போட்டாள். 57,882 பேருக்கு 386 செருப்புத் தைப்பவர்கள் வந்தார்கள். ஊரில் பாதிக்கு மேல் வெறுங்காலோடு நடந்த காலம் அது. அந்த 386 குடும்பமும் பட்டினிதான். மந்திரக் கடை இருபது வந்தது. அது குறைவு.

நெருக்கமாக வாழ்ந்தவர்கள் எதைத் தின்றார்கள் என்ற அப்பாவின் கேள்வி இங்கே திரும்பவும் வருகிறது. சதுர மைல் நிலம் 180 பேருக்குச் சோறு போடும் என்பது திருவிதாங்கூருக்குப் பொருந்தாது, ஏனென்றால் திருவிதாங்கூர் தன் நிலத்தை மட்டும் நம்பிச் சாப்பிடவில்லை. தேங்காயும் மிளகும் கயிறும் கப்பலேறின. ரங்கூன் அரிசி கப்பலிறங்கியது. சமஸ்தானத்தின் நெற்களஞ்சியம் நாஞ்சில் நாடு. 1880களின் தொடக்கத்தில் ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனிக் கிழங்கை ஊரெங்கும் பரப்பினார்; ‘கப்பை’ ஏழையின் சோறாயிற்று. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அரிசிக் கப்பல் நின்றது. கிழங்கு இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பழையவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1956 நவம்பர் 1இல் நாஞ்சில் நாடு தமிழகத்துக்குப் போனது. களஞ்சியம் அந்தப் பக்கம், வயிறு இந்தப் பக்கம். திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமைத்த சாலைக் கடைத்தெருவில் என் அப்பா மாதிரி ஆட்கள் அரிசி வியாபாரம் பார்த்துப் பிழைத்தது இந்த இடைவெளியில்தான்.

சோற்றுக் கணக்கு நம் முன்னோர்களுக்குத் தெரியாததல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் ஆடல் மகளிரை, யார் எந்தத் தெருவில் எந்த வீட்டில் என்று வரிசையாகச் சொல்லி, ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்று பங்கு எழுதுகிறது. இன்னும் பொருத்தமான உதாரணம் எங்கள் பக்கத்திலேயே உண்டு. கற்பனை ராஜ்யங்களில் மந்திரக் கல்லூரி ஒன்று கட்டாயம் இருக்கும். வெள்ளிக்கோட்டையில் இருந்தது, ஐயாயிரம் மாணவர்கள். அண்ணன் மகளின் வேணாட்டிலும் உண்டு, இரண்டாயிரம். ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் முஞ்சிறைப் பக்கத்தில் பார்த்திவசேகரபுரத்தில் நிஜமாகவே ஒரு கல்விச்சாலை வைத்தான். திருவனந்தபுரத்து வலியசாலையோடு அடையாளம் காணப்படும் காந்தளூர்ச் சாலையின் முறைப்படி அது நடக்க வேண்டும் என்று செப்பேடு சொல்கிறது. மொத்த இடம் 95. அதிலும் எந்த வேதப் பிரிவுக்கு எத்தனை என்று 45, 36, 14 எனப் பிரித்து வைத்தார்கள். அவர்கள் சாப்பாட்டுக்கு நிலமும் எழுதி வைத்தார்கள். ஓர் அரசன் நினைத்தும் 95 பேருக்குமேல் படிக்கவைத்துச் சோறு போட முடியவில்லை. சொன்னதும் அவள் இரண்டாயிரத்தை நூற்றிருபதாகக் குறைத்தாள். அப்பனிடம் இல்லாத நல்ல குணம்.

ஒரு விஷயத்தில் மட்டும் அப்பனும் மகளும் ஒன்று. எல்ஃபுகள் காட்டில், குள்ளர்கள் மலைக்குள், மனிதர்கள் கோட்டைக்குள், ஆர்க்குகள் எல்லைக்கு வெளியே. ஒவ்வொரு கூட்டத்துக்கும் பிறவியிலேயே ஒரு தொழில், ஒரு குணம், ஒரு தெரு. ஒருவர் மற்றவர் தெருவில் நடந்தால் சண்டை. இதைக் கண்டுபிடிக்க அமெரிக்காவில் பிறந்திருக்க வேண்டியதில்லை. எங்கள் கோட்டைப் பக்கம் வளர்ந்திருந்தால் போதும். 1936 நவம்பர் 12இல் ஆலயப் பிரவேச விளம்பரம் வரும்வரை கோயிலுக்குள் யார் நுழையலாம் என்பதற்கு இங்கே எழுதப்பட்ட விதி இருந்தது. திருவிதாங்கூர்க் கணக்கெடுப்பு அறிக்கைகளில் சாதிப் பட்டியல் பக்கம் பக்கமாக ஓடும். அந்தப் பக்கங்களைக் காட்டியபோது அண்ணன் மகள் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “எங்க ஆட்டத்துல அரை எல்ஃப் உண்டு சித்தப்பா” என்றாள். கல்யாணத்துக்கு யார் சம்மதித்தார்கள் என்று கேட்டேன். அது விதிப்புத்தகத்தில் இல்லையாம்.

அவள் வேணாட்டை நிஜ ஊருக்கு ஒப்பாகத் திருத்த உட்கார்ந்தோம். அப்போதுதான் நிஜ ஊர் எவ்வளவு நம்ப முடியாதது என்று புரிந்தது. 2011 கணக்குப்படி திருவனந்தபுரம் மாவட்டத்தில் 33,01,427 பேர், சதுர கிலோமீட்டருக்கு 1,508. கேரளம் முழுக்க அந்தக் கணக்கில் கிராமங்கள் ஆயிரத்துச் சொச்சம்தான். ஒரு கிராமத்துக்குச் சராசரி 17,000 பேர். ராஸின் கிராமத்தில் முந்நூறு. 2001இல் கேரளத்தில் நூற்றுக்கு 26 பேர் நகரவாசிகள். 2011இல் 47.7. பத்தே வருஷத்தில் இத்தனை பேர் மூட்டை கட்டிக்கொண்டு பட்டணம் போய்விடவில்லை. பெரும்பாலோர் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். ஐயாயிரம் பேருக்குக் குறையாமல், சதுர கிலோமீட்டருக்கு நானூறு பேருக்குக் குறையாமல், ஆண்களில் முக்கால்வாசி விவசாயமல்லாத வேலையில் இருந்தால் அது ‘சென்சஸ் டவுன்’. 2001இல் 99ஆக இருந்த அவை 461 ஆயின. கிராமத்தில் தூங்கியவன் நகரத்தில் எழுந்தான். டிராகன் விளையாட்டில் இதற்கு ‘லெவல் ஏறுவது’ என்பார்கள். அங்கே குறைந்தபட்சம் ஒரு பூதத்தையாவது கொல்ல வேண்டும்.

குழந்தைகளும் கிழவிகளும் எங்கே என்று சார் கேட்டாரே, அதற்கும் இன்று பதில் மாறிவிட்டது. அறுபது தாண்டியவர்கள் 2011இலேயே நூற்றுக்கு 12.6, நாட்டிலேயே அதிகம் இங்கேதான். பத்தில் ஒரு வீடு ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தது. பத்தனம்திட்டையிலும் இடுக்கியிலும் ஜனத்தொகை 2001ஐவிடக் குறைந்தது. உள்ளூரில் கே. என். ராஜ் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையம் 1998இல் வெளிநாடு போனவர்களைக் கணக்கெடுக்கத் தொடங்கியது; அந்த வரிசையில் 2023இல் நடந்த ஆய்வில் அந்த எண்ணிக்கை 22 லட்சம். அவர்கள் விட்டுப்போன வேலைக்கு வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். 2013இல் இதே நகரத்திலுள்ள குலாட்டி நிறுவனம் போட்ட மதிப்பீடு 25 லட்சம். அண்ணன் மகள் இந்த எண்களையெல்லாம் மென்பொருளில் இட்டுத் தட்டினாள். ‘இந்த அமைப்பு நடைமுறைக்கு ஒவ்வாதது’ என்ற பொருளில் சிவப்பில் ஓர் எச்சரிக்கை வந்தது. டிராகனுக்கு அப்படி எந்த எச்சரிக்கையும் வந்ததில்லை.

கடைசியில் அவள் வேணாட்டை அவள் போக்கில் முடித்துவிட்டாள். காடுகளை எடுத்துவிட்டுத் தோட்டங்களாக்கினாள், ஒன்றோடொன்று ஒட்டி. ஆட்டம் ஆடியவர்கள் குறைப்பட்டார்களாம்: எங்கே போனாலும் யாராவது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ரகசியமாக ஒரு கொலை செய்ய முடியவில்லை, சந்தையைத் தாண்டவே இரண்டு மணி நேரம் ஆகிறது. சாலைக் கடைத்தெருவிலேயே கடை வைத்திருந்து, அந்தத் தெரு மனிதர்களை வைத்தே ‘கடைத்தெருக் கதைகள்’ எழுதிய ஆ. மாதவன் இதைக் கேட்டிருந்தால் ரசித்திருப்பார். அவருக்கு ஒரு தெரு போதுமாயிருந்தது.

வேணாட்டில் எந்த மூலையில் எத்தனை பேர் என்று அவளால் இந்த நிமிஷம் சொல்ல முடியும். நானிருக்கும் வார்டில் எத்தனை பேர் என்று கேட்டால் அரசாங்கத்திடம் இருப்பது 2011இன் எண். 2021இல் எடுக்க வேண்டிய கணக்கு தள்ளித் தள்ளிப் போய், 2027 மார்ச் 1 என்று குறித்திருக்கிறார்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மாநிலத்துக்கு எத்தனை பேருக்கு அரிசி என்பதும் 2011ஐ வைத்துத்தான் நடக்கிறது. அரிசிக் கணக்கில் பதினாறு வருஷப் பாக்கி என்றால் சாலைக் கடைத்தெருவில் எந்த வியாபாரியும் கடை திறக்க மாட்டான்.

2027 பிப்ரவரியில் ஆள் எண்ண வருவார்கள். யாராவது ஒரு டீச்சராகத்தான் இருக்கும். உட்காரச் சொல்லி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். எத்தனை பேர் என்று கேட்டால் ‘நாங்கள் ரெண்டு பேர்தான்’ என்று அனுப்பிவிடாதீர்கள். மாடியறையில் வாடகைக்கு இருக்கும் வங்காளப் பையன்களையும், பின்கட்டில் தங்கி அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணையும் சொல்லுங்கள். அவர்கள் பெயரையும் வயதையும் இப்போதே கேட்டுக் குறித்து வையுங்கள்; அவர்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில்தான் டீச்சர் வருவார்.